பேர் எழுதக் கற்றுக்கொடுத்த பெருமாட்டி

பரிசளிப்பு விழா நாளன்று நம் பள்ளி மண்டபத்தின் பின்வரிசையை என்றாவது கவனித்ததுண்டா? முன்வரிசையில் சிறப்பு விருந்தினரும், பள்ளி வாரியத்தாரும், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரும் அமர்ந்திருப்பார்கள். பின்னால், வேலையை முடித்து அவசரம் அவசரமாகக் குளித்து, நல்ல துணி உடுத்திக்கொண்டு ஓடிவந்த தாய்மார்களும் தந்தைமார்களும் நின்றுகொண்டே இருப்பார்கள். ஒலிபெருக்கியில் தம் பிள்ளையின் பெயர் வந்ததும் அந்த முகங்களில் தோன்றும் மகிழ்ச்சிக்கு விலை ஏது!

"ஏன் நிற்கிறீங்க? முன்னால வந்து உட்காருங்க" என்று கூப்பிட்டால், "இருக்கட்டும் சார். நாங்க என்னா, படிக்காத ஆளுங்க. இங்கேயே நின்னு பாத்துக்கிறோம்" என்று பதில் வரும். ஆசிரியப் பணியில் இந்தப் பதிலை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் மனம் சங்கடப்படும்.

படிக்கவில்லை என்பதற்காக ஒரு மனிதர் தம்மைத் தாமே வெளியே நிறுத்திக்கொள்வது ஏன்? அவரை உள்ளே அழைத்து உட்கார வைப்பது யாருடைய வேலை? இந்தக் கேள்விக்குத் தம் வாழ்நாள் முழுவதையுமே விடையாகக் கொடுத்த ஓர் ஆசிரியையின் வரலாற்றை இந்த மலரில் எழுத விரும்புகிறேன். அவர் நம் இனத்தவர் அல்லர். நம் நாட்டவரும் அல்லர். அமெரிக்க நாட்டின் தென்பகுதியில் பிறந்த கறுப்பினப் பெண்மணி. பெயர் செப்டிமா கிளார்க்.

அவருக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். அவர் பாடம் சொல்லிக்கொடுத்த பிள்ளைகள் பருத்தித் தோட்டத்துப் பிள்ளைகள். அவரிடம் எழுதப் படிக்கக் கற்ற பெரியவர்கள் மண்வெட்டி பிடித்த கையால் பென்சில் பிடித்தவர்கள். இது போதாதா, நாம் அவரைத் தெரிந்துகொள்ள?

அடிமையாய்ப் பிறந்தவரின் மகள்

செப்டிமா 1898ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் நாள், தென் கரோலினா மாநிலத்தில் சார்ல்ஸ்டன் என்னும் துறைமுக நகரில் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் இரண்டாமவர். தந்தை பீட்டர் பாயின்செட் அடிமையாகப் பிறந்தவர். சிறு வயதில் முதலாளி வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், திரும்பக் கூட்டி வருவது அவருடைய வேலை. பள்ளியின் வாசல் வரை போகலாம். உள்ளே போய் உட்கார முடியாது. தாயார் விக்டோரியா வீட்டிலேயே துணி வெளுத்துக் கொடுத்துப் பிழைத்தார். வெள்ளைக்காரர் வீட்டு வேலைக்காரியாக ஒருநாளும் போகமாட்டேன் என்பதில் பிடிவாதமானவர்.

வாசலோடு நின்ற தந்தைக்கும், வெளுத்துச் சம்பாதித்த தாய்க்கும் ஒரே ஓர் ஆசை: பிள்ளைகள் படிக்க வேண்டும். செப்டிமா 1916இல் ஏவரி ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் படிப்பை முடித்தார். பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வீட்டில் பணமில்லை. ஆனால் ஆசிரியராவதற்கான தகுதிச் சான்று கையில் இருந்தது. அப்போது அவருக்கு 18 வயது.

வேலை தேடியபோதுதான் இன்னொரு வாசல் அடைபட்டிருப்பது தெரிந்தது. சார்ல்ஸ்டன் நகரத்து அரசுப் பள்ளிகளில், கறுப்பினப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில்கூட, கறுப்பின ஆசிரியர்களுக்கு இடமில்லை. தம் தெருப் பிள்ளைகளுக்குத் தாமே பாடம் சொல்லிக்கொடுக்க முடியாத நிலை. ஆகவே அவர் நகரத்தை விட்டுப் படகேறி ஜான்ஸ் தீவுக்குப் போனார்.

தீவுப் பள்ளிக்கூடம்

அந்தக் காலத்தில் தீவுக்குப் பாலம் கிடையாது. ஓடைகளின் வழியே படகில் பல மணி நேரப் பயணம். மக்கள் பருத்தித் தோட்டங்களில் வேலை செய்தார்கள். பிள்ளைகளும் வேலை செய்தார்கள். அறுவடை முடிந்த பிறகுதான் பெரிய பிள்ளைகள் பள்ளிப்பக்கம் தலைகாட்டுவார்கள். மறுபடி நடவு தொடங்கியதும் காணாமல் போவார்கள். கைக்குழந்தைகளை வயல் ஓரத்தில் பெட்டியில் போட்டுவிட்டுத் தாய்மார்கள் வேலை செய்வார்கள். கொசுக்கடி, காய்ச்சல். பல குழந்தைகள் பிழைப்பதில்லை.

பள்ளிக்கூடம் என்பது மரத்துண்டுகளை அடுக்கி, சந்துகளில் களிமண் பூசிய ஒரு கட்டடம். ஒரு பக்கம் மட்டும் அடுப்பு. குளிர்காலத்தில் அடுப்பின் அருகே இருக்கும் பிள்ளைகள் வெந்து போவார்கள்; தூரத்தில் இருப்பவர்கள் நடுங்குவார்கள். மாணவர் தொகை 132. ஆசிரியர்கள் இருவரே. தலைமையாசிரியரான செப்டிமாவுக்கு 35 டாலர் சம்பளம். உடன் இருந்த ஆசிரியைக்கு 25 டாலர். எதிர்ச் சாலையில் வெள்ளையர் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி இருந்தது. அங்கே மாணவர்கள் மூன்றே பேர். அந்த ஆசிரியருக்குச் சம்பளம் 85 டாலர்.

இந்தக் கணக்கை நாம் இரண்டு முறை படித்துப் பார்க்க வேண்டும். நீதி என்பது பெரிய பெரிய நூல்களில் இருக்கும் பொருள் என்று நினைக்கிறோம். அது 132க்கும் 3க்கும், 35க்கும் 85க்கும் இடையில் இருக்கிறது. அந்த 18 வயதுப் பெண்ணுக்கு இந்தக் கணக்கு வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை.

புத்தகம் இல்லை, படம் இல்லை. அதற்காக அவர் சும்மா இருந்துவிடவில்லை. சலவைக் கடையில் துணி சுற்றித் தரும் பெரிய காகிதப் பைகளை எடுத்துக்கொண்டார். "நடந்து வரும் வழியில் என்ன பார்த்தீர்கள்? உங்கள் வீட்டைச் சுற்றி என்ன முளைத்திருக்கிறது? வானத்தில் என்ன தெரிகிறது?" என்று பிள்ளைகளைக் கேட்பார். அவர்கள் சொல்லச் சொல்ல அதைப் பையில் எழுதிச் சுவரில் மாட்டுவார். அதுதான் அவர்களுடைய வாசிப்புப் புத்தகம். தீவு மக்களின் பேச்சு நகரத்து ஆங்கிலத்திலிருந்து மாறுபட்டது. அதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. செப்டிமா சிரிக்கவில்லை. பிள்ளை பேசும் பேச்சிலிருந்து தொடங்கி, புத்தகத்தில் இருக்கும் பேச்சுக்குக் கைபிடித்து அழைத்துப் போனார்.

பகலில் பிள்ளைகள், இரவில் பெற்றோர்கள். சங்கக் கூட்டங்களில் எழுந்து நின்று நாலு வார்த்தை பேச வேண்டும் என்று ஆண்கள் ஆசைப்பட்டார்கள். அவர்களுக்கு எழுத்தும் சொல்லிக்கொடுத்தார், மேடைப் பேச்சும் சொல்லிக்கொடுத்தார். இதற்குத் தனிச் சம்பளம் எதுவும் கிடையாது.

சாக்கு நிறையக் கையெழுத்துகள்

1919இல் செப்டிமா சார்ல்ஸ்டனுக்குத் திரும்பி, தாம் படித்த ஏவரி பள்ளியிலேயே ஆறாம் வகுப்புக்கு ஆசிரியையானார். அது அரசுப் பள்ளி அன்று, தனியார் பள்ளி. கறுப்பின மக்கள் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கம் அப்போது நகரில் ஒரு போராட்டத்தைத் தொடங்கியிருந்தது: எங்கள் பிள்ளைகளுக்கு எங்கள் ஆசிரியர்களை வேலைக்கு வையுங்கள்.

எதிர்த்தரப்பினர் ஒரு வாதத்தைக் கிளப்பினார்கள். கறுப்பின ஆசிரியர் வேண்டும் என்று கேட்பவர்கள் வசதியுள்ள சிலர்தாம். சமையற்காரிகளும் சலவைக்காரிகளும் இதையெல்லாம் கேட்கவில்லை என்றார்கள். சலவைக்காரியின் மகள் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பாரா? தம் வகுப்பு மாணவர்களையும் அழைத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினார். ஆயிரக்கணக்கான கையெழுத்துகள் சேர்ந்தன. அவற்றைக் கோணிச்சாக்கில் கட்டிக் கொடுத்தார்கள். 1920இல் அந்த வாசல் திறந்தது. நகரத்து அரசுப் பள்ளிகளில் கறுப்பின ஆசிரியர்கள் நுழைந்தார்கள்.

அதே 1920இல் அவர் கடற்படைச் சமையற்காரர் ஒருவரை மணந்தார். முதல் குழந்தை சில வாரங்களில் இறந்தது. கணவர் 1925இல் சிறுநீரக நோயால் காலமானார். ஆசிரியைச் சம்பளத்தில் வளர்க்க முடியாமல் மகனைக் கணவரின் பெற்றோரிடம் விட்டுவைக்க நேர்ந்தது. ஊருக்கெல்லாம் பிள்ளைகளை வளர்த்தவர், தம் பிள்ளையைத் தூரத்தில் வைத்து வளர்த்தார். பிழைப்புக்காகப் பிள்ளையை ஊரில் பாட்டியிடம் விட்டு வந்த குடும்பங்களுக்கு இந்த வேதனை புரியும்.

1929 முதல் 1947 வரை கொலம்பியா நகரில் வேலை பார்த்தார். அங்கே இராணுவ முகாமில் எழுத்தறிவில்லாத கறுப்பினச் சிப்பாய்களுக்குப் பாடம் சொல்லும் திட்டத்தில் சேர்ந்தார். சம்பளச் சீட்டில் கையெழுத்துப் போடவும், பஸ் எங்கே போகிறது என்று படித்துத் தெரிந்துகொள்ளவும் அவர்களுக்குக் கற்பித்தார்கள். படிப்பு என்றால் முதலில் என்ன தேவை என்பதை அவர் அங்கே இன்னும் நன்றாகக் கண்டுகொண்டார்.

தாமும் படிப்பை விடவில்லை. விடுமுறையிலும் மாலையிலும் படித்து 1942இல், 44 வயதில், பட்டம் பெற்றார். 1946இல் முதுகலைப் பட்டம். 1945இல் கறுப்பின ஆசிரியர்களுக்கும் வெள்ளை ஆசிரியர்களுக்கும் ஒரே தகுதிக்கு ஒரே சம்பளம் வேண்டும் என்று கொலம்பியாவில் நடந்த வழக்குக்குத் துணை நின்றார். கூட்டரசு நீதிபதி வேரிங், சமச் சம்பளமே நியாயம் என்று தீர்ப்பளித்தார். 35க்கும் 85க்கும் இடையிலிருந்த கணக்கு, ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு நீதிமன்றத்தில் நேரானது.

நாற்பது ஆண்டுப் பணிக்குக் கிடைத்த கூலி

1954ஆம் ஆண்டு மே 17ஆம் நாள், அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பை வழங்கியது. நிறத்தைக் காட்டிப் பிள்ளைகளை வெவ்வேறு அரசுப் பள்ளிகளில் பிரித்து வைப்பது அரசியலமைப்புக்கு விரோதம் என்றது. ஒரே வகுப்பறையில் எல்லாப் பிள்ளைகளும் என்ற கனவுக்குச் சட்டத்தின் வாயிலாக வழி பிறந்தது. ஆனால் தென்மாநிலங்கள் அதை ஏற்கவில்லை. வழக்குத் தொடுத்த சங்கத்தின் மீதே பாய்ந்தன.

1956இல் தென் கரோலினா ஒரு சட்டம் கொண்டுவந்தது. மாநில, நகர ஊழியர்கள் எவரும் கறுப்பின மக்கள் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தில் உறுப்பினராக இருக்கக் கூடாது. இருந்தால் வேலை போகும். செப்டிமா அந்தச் சங்கத்தின் சார்ல்ஸ்டன் கிளைத் துணைத்தலைவர். மறைத்திருக்கலாம், ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டு வேலையைக் காப்பாற்றியிருக்கலாம். அவர் மறைக்கவில்லை. வேலை போயிற்று. 40 ஆண்டு உழைத்துச் சேர்ந்த ஓய்வூதியமும் போயிற்று. அப்போது அவருக்கு 58 வயது.

அதைவிட வலித்தது இன்னொன்று. தம்மைப் போன்ற கறுப்பின ஆசிரியர்கள் 726 பேருக்கு, இந்தச் சட்டத்தை எதிர்ப்போம் வாருங்கள் என்று கடிதம் எழுதினார். பதில் போட்டவர்கள் 26 பேர். அதிகாரியை நேரில் பார்க்க வருகிறோம் என்று சொன்னவர்கள் 11 பேர். அன்றைக்கு வந்து நின்றவர்கள் 5 பேர். அவரைப் பாராட்ட ஒரு விருந்து நடந்தபோது, அவருடன் சேர்ந்து படம் எடுத்துக்கொள்ளத் தோழிகளே பயந்து ஒதுங்கினார்கள்.

நாமாக இருந்தால் என்ன சொல்லியிருப்போம்? "நம்ம சனங்களே இப்படித்தான், ஒத்துமையே கிடையாது" என்று திட்டிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்போம். செப்டிமா அப்படிச் சொல்லவில்லை. இதைத் தம் தோல்வியாகவே எடுத்துக்கொண்டார். அவர்களைத் தயார்ப்படுத்தாமல் முன்னே இழுத்துவிட்டேன்; பயத்தில் இருப்பவரை முதலில் பழக்க வேண்டும், பிறகுதான் கூப்பிட வேண்டும் என்று தெளிந்தார். ஒரு நல்ல ஆசிரியரின் அடையாளம் இதுதான். மாணவன் தோற்றால் அவர் முதலில் தம் பாடத்தைத்தான் திருத்துவார்.

மளிகைக் கடைக்குப் பின்னால் ஒரு வகுப்பு

டென்னசி மாநிலத்து மலைப்பகுதியில் ஹைலண்டர் என்று ஒரு மக்கள் பள்ளி இருந்தது. மைல்ஸ் ஹார்ட்டன் என்ற வெள்ளையர் நடத்தியது. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேசையில் சாப்பிட்டு, ஒரே கூரையின் கீழ்த் தங்கிப் பேசிப் படிக்கும் இடம். அந்தக் காலத்தில் அங்கே அது சட்டத்துக்குப் புறம்பானது. 1955ஆம் ஆண்டுக் கோடையில் செப்டிமா நடத்திய பயிலரங்குக்கு, அலபாமாவிலிருந்து ஒரு தையற்காரப் பெண் வந்து அமைதியாக உட்கார்ந்திருந்தார். அவர்தாம் ரோசா பார்க்ஸ். அவ்வாண்டு டிசம்பர் 1ஆம் நாள், பஸ்ஸில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டு எழ மறுத்து உலகறிந்தவர். செப்டிமாவுக்கு வேலை போனதும் ஹைலண்டர் அவரை முழுநேரப் பணிக்கு எடுத்துக்கொண்டது.

இங்கேதான் மறுபடி ஜான்ஸ் தீவு வருகிறது. அங்கே ஈசோ ஜென்கின்ஸ் என்பவர் தீவு மக்களை நகரத்து வேலைகளுக்கு ஏற்றிச் செல்லும் பஸ் ஓட்டி வந்தார். ஒரு காலத்தில் செப்டிமாவிடம் படித்தவர். அவருடைய பஸ்ஸில் வந்த அலிஸ் வைன் என்ற பெண்மணி ஓர் உதவி கேட்டார்: எனக்கு ஓட்டுப் போட வேண்டும், படிக்கக் கற்றுக்கொடு. அந்த மாநிலத்தில் வாக்காளராகப் பதிய வேண்டுமானால் அரசியலமைப்பின் ஒரு பகுதியைப் படித்துக் காட்ட வேண்டும். கையெழுத்துப் போட வேண்டும். படிக்கவிடாமல் வைத்திருந்தவர்களே, படிக்காதவனுக்கு ஓட்டு இல்லை என்றார்கள். பூட்டியவனே சாவி எங்கே என்று கேட்ட கதைதான்.

பஸ் ஓடும் நேரத்தில் சொல்லிக்கொடுத்தது போதவில்லை. ஹைலண்டர் கொடுத்த கடனில் தீவு மக்கள் ஒரு பழைய கட்டடத்தை வாங்கினார்கள். முன்னால் மளிகைக் கடை. பின்னால் இரண்டு அறை; வெளியாட்கள் எட்டிப் பார்க்காதபடி சன்னல் இல்லாத அறை. 1957ஆம் ஆண்டு சனவரி மாதம், தோட்ட வேலை குறைந்திருந்த பருவத்தில், 14 மாணவர்களோடு வகுப்பு தொடங்கியது. இதுவே முதல் குடியுரிமைப் பள்ளி.

ஆசிரியர் யார்? பட்டம் பெற்றவரா? இல்லை. செப்டிமா தேர்ந்தெடுத்தது தம் உறவுப்பெண்ணான பெர்னிஸ் ராபின்சன் என்பவரை. தொழில், பெண்களுக்குத் தலை அலங்காரம் செய்வது. "எனக்குப் பாடம் நடத்தத் தெரியாதே" என்று அவர் தயங்கினார். அதனால்தான் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். பெரிய படிப்பாளி வந்தால் தீவு மக்கள் கூசிப் போவார்கள். அவரும் அவர்களைச் சின்னப் பிள்ளைகளாக நடத்துவார். மேலும், முடி அலங்கரிப்பவருக்கு வாடிக்கையாளர்கள் தம் இனத்தவரே. வெள்ளை முதலாளி யாரும் வேலையை விட்டு நிறுத்த முடியாது.

பெர்னிஸ் முதலில் சிறுபிள்ளைகளின் பாடப்பொருளைத்தான் கொண்டுபோனார். உழைத்துக் காய்ச்சிய முகங்களைப் பார்த்ததும், இது இவர்களுக்கு ஆகாது என்று தெரிந்துவிட்டது. அதை மூடி வைத்துவிட்டு, உங்களுக்கு என்ன கற்றுக்கொள்ள ஆசை என்று கேட்டார். நான் ஆசிரியை அல்ல, சேர்ந்தே கற்றுக்கொள்வோம் என்றும் சொன்னார். பதில்கள் எளிமையானவை. பேர் எழுத வேண்டும். வேதப் புத்தகம் படிக்க வேண்டும். பணவிடைப் பாரம் நிரப்ப வேண்டும். ஓட்டுப் போட வேண்டும். அந்தப் பட்டியலே பாடத்திட்டமாகிவிட்டது. கூடவே வந்த இளம் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தார்.

பெயரை அட்டையில் எழுதிக் கொடுத்து, அதன் மேலேயே திரும்பத் திரும்ப வரையச் சொல்வார்கள். கைக்கு எழுத்தின் வளைவு பழகும். கலப்பையும் மண்வெட்டியும் அழுத்திப் பிடித்த கைகள் அல்லவா? பென்சில் படக்கென்று முறியும். முறிந்தால் என்ன, இன்னொரு பென்சில் கொடுப்பார்கள். யாரும் கடிந்துகொள்ளவில்லை.

அந்த வகுப்பில் 65 வயதுப் பாட்டியம்மாள் ஒருவர் இருந்தார். வந்தபோது ஓர் எழுத்தும் தெரியாது. ஒருநாள் கரும்பலகையில் எல்லாருடைய பெயர்களையும் எழுதிவிட்டு, உங்கள் பெயரைக் கண்டுபிடியுங்கள் என்றார்கள். பாட்டி எழுந்து போய், ஒரு குச்சியால் தொட்டு, எழுத்து எழுத்தாகச் சொல்லி, இதுதான் என் பெயர் என்று காட்டினார். பார்த்துக்கொண்டிருந்த பெர்னிசுக்கு மெய் சிலிர்த்துவிட்டது. 65 ஆண்டு சுமந்த பெயரை அந்த அம்மாள் அன்றுதான் கண்ணால் கண்டார்.

தீவிலிருந்து நாடெங்கும்

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். பக்கத்துத் தீவுகள், "எங்களுக்கும் ஒரு வகுப்பு வேண்டும்" என்று கேட்டு வந்தன. இதைக் கண்டு சும்மா இருப்பார்களா ஆதிக்கக்காரர்கள்? 1959ஆம் ஆண்டு சூலை 31ஆம் நாள் இரவு ஹைலண்டருக்குள் போலீஸ் நுழைந்தது. மதுவே தொடாத செப்டிமாவை, மது வைத்திருந்தார் என்று சொல்லிக் கைது செய்தார்கள். அவர் மீதான குற்றச்சாட்டு நிற்கவில்லை. ஆயினும் 1961இல் மாநில அரசு அந்தப் பள்ளியையே மூட வைத்தது.

பள்ளி மூடப்படும் முன்பே பாடம் வேறு இடத்துக்குப் போய்விட்டது. மார்ட்டின் லூதர் கிங் தலைமையிலான தென்மாநிலக் கிறிஸ்துவத் தலைமை மாநாடு என்ற இயக்கம் குடியுரிமைப் பள்ளித் திட்டத்தை ஏற்றுக்கொண்டது. ஜார்ஜியாவில் டார்ச்செஸ்டர் என்னும் நிலையத்தில் பயிற்சி நடந்தது. செப்டிமா ஊர் ஊராகப் போய் ஆட்களைத் தேடினார். சத்தமாகப் படிக்கத் தெரிய வேண்டும், கோர்வையாக எழுதத் தெரிய வேண்டும், ஊரார் மதிக்கும் ஆளாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் தகுதி. விவசாயிகள், ஓட்டுநர்கள், தையற்காரிகள், முடி அலங்கரிப்பவர்கள் எல்லாரும் வந்து பயிற்சி பெற்று, தத்தம் ஊரில் ஒரு சமையலறையிலோ, மரத்தடியிலோ, கடையின் பின்புறத்திலோ வகுப்புத் தொடங்கினார்கள்.

மிசிசிப்பியில் பேனி லூ ஹேமர் என்ற பெண்மணி, பருத்தித் தோட்டத்தில் வேலை செய்தவர். ஆட்களின் வேலை நேரத்தைக் குறித்து வைத்தவர். நம்மூர்ப் பேச்சில் சொன்னால் ஏறக்குறையக் கிராணி வேலை. 1962இல் வாக்காளராகப் பதியப் போனார் என்ற ஒரே காரணத்துக்காக, பதினெட்டு ஆண்டு உழைத்த தோட்டத்தை விட்டு வெளியேற்றப்பட்டார். அவரும் செப்டிமாவின் பயிற்சிக்கு வந்தார். 1963இல் பயிற்சியிலிருந்து ஊர் திரும்பும் வழியில் சிறையில் அடைத்து அடித்தார்கள். அவர் வாய் மூடவில்லை. மறு ஆண்டு நாடே தொலைக்காட்சியில் அவர் பேச்சைக் கேட்டது.

1957 முதல் 1970 வரை 897 குடியுரிமைப் பள்ளிகள் நடந்ததாகச் செப்டிமா தம் நினைவுகளில் குறிக்கிறார். 1965இல் வந்த வாக்குரிமைச் சட்டம், எழுதப் படிக்கத் தெரியுமா என்று சோதித்து ஓட்டை மறுக்கும் வழக்கத்துக்குத் தடை போட்டது. சட்டம் தலைநகரத்தில் எழுதப்பட்டது. அதற்கான துணிச்சல் மளிகைக் கடைக்குப் பின்னால் எழுதப்பட்டது.

தலைவர்களுக்கும் ஒரு பாடம்

1964இல் மார்ட்டின் லூதர் கிங் நோபல் அமைதிப் பரிசு பெற நார்வே சென்றபோது செப்டிமாவும் உடன் சென்றார். கிங் மீது அவருக்கு மிகுந்த மதிப்பு உண்டு. அதற்காகத் தவறு கண்டால் பேசாமல் இருந்தவரல்லர். எல்லா ஊர்வலங்களுக்கும் நீங்களே தலைமை தாங்காதீர்கள்; அந்தந்த ஊரிலும் தலைவர்களை உருவாக்குங்கள் என்று அவருக்குக் கடிதம் எழுதினார். அதைக் கூட்டத்தில் படித்தபோது மற்றவர்கள் சிரித்தார்களாம். இயக்கத்தின் நிர்வாகக் குழுவில் இந்தப் பெண்மணிக்கு என்ன வேலை என்று கேட்டவர்களும் உண்டு.

நிறத்தால் ஒதுக்கப்பட்டவர்களே பெண் என்று ஒதுக்கியதைச் செப்டிமா மறைக்காமல் எழுதியிருக்கிறார். ஒரு வாசலைத் திறந்துவிட்டு இன்னொரு வாசலைச் சாத்திக்கொள்வது விடுதலை ஆகாது. இந்தப் பாடம் அவர்களுக்கு மட்டுமா?

திரும்பி வந்த மரியாதை

1970இல் இயக்கப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். ஆனால் சார்ல்ஸ்டன் அவரை ஓய்வெடுக்கவிடவில்லை. 1975இல் அந்நகரப் பள்ளி வாரியத்துக்கு மக்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு காலத்தில் பாடம் சொல்ல இடமில்லை என்று அனுப்பிய ஊர். பின்பு வேலையைப் பிடுங்கிய ஊர். இப்போது பள்ளிகளை நிர்வகிக்க நீங்கள் வாருங்கள் என்றது. அவருக்கு வயது 77. மறு ஆண்டு, 1956இல் அவரை நீக்கியது அநீதி என்று மாநில ஆளுநர் ஒப்புக்கொண்டு ஓய்வூதியத்தைத் திரும்பக் கொடுத்தார். 1979இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் அவருக்கு விருதளித்துச் சிறப்பித்தார்.

1987ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள், தமது 89ஆம் வயதில் செப்டிமா கிளார்க் மறைந்தார். மறைந்த இடம் ஜான்ஸ் தீவு. 18 வயதில் படகேறிப் போன அதே தீவு.

நமக்கு என்ன சொல்கிறார்?

அன்புள்ள பெற்றோர்களே, மாணவச் செல்வங்களே! பிரட்டுக்களத்தில் விடியுமுன் பேர் கொடுத்து, சம்பள நாளில் கைநாட்டு வைத்த தலைமுறை நம் குடும்பங்களில் இருந்தது. பெருவிரலில் மை பூசிக்கொண்ட அந்தக் கைகள்தாம் காடு திருத்தின, பால்மரம் வெட்டின, பிள்ளைகளின் படிப்புக்காகக் காசு சேர்த்தன. படிக்காதது அவர்கள் குற்றமன்று. படிக்க விடாத காலத்தின் குற்றம்.

ஆசிரியர்களாகிய நாங்கள் செப்டிமாவிடம் கற்க வேண்டியது நிறைய உண்டு. கடைசி வரிசையில் உட்கார்ந்து வாய் திறக்காத பிள்ளை, மெதுவாக எழுதும் பிள்ளை, காதோ கண்ணோ சரியில்லாத பிள்ளை, வீட்டுக் கஷ்டத்தால் வாரத்தில் இரண்டு நாள் வராத பிள்ளை, இவர்களும் நம் வகுப்புத்தான். பரிசு வாங்கும் பிள்ளையை எந்த ஆசிரியரும் கவனிப்பார். பென்சில் முறிக்கும் பிள்ளைக்கு இன்னொரு பென்சில் எடுத்துக் கொடுப்பவரே ஆசிரியர்.

பெற்றோர்களே, "நாங்க படிக்காத ஆளுங்க" என்று இனிமேல் சொல்லாதீர்கள். தேர்ச்சி அறிக்கை வாங்க நீங்களே வாருங்கள். புரியாததை அங்கேயே கேளுங்கள். கேட்பதில் வெட்கம் எதற்கு? 65 வயதுப் பாட்டிக்கு வெட்கம் இருந்திருந்தால் அவர் தம் பெயரைக் கண்ணால் கண்டிருக்க மாட்டார்.

மாணவர்களே, உங்களுக்கு இந்த விடுமுறைக்கு ஒரு வீட்டுப்பாடம். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ, பேர் எழுதத் தெரியாத, பாரம் நிரப்ப இன்னொருவரைத் தேடும் பெரியவர் யாராவது இருந்தால், அவர் பக்கத்தில் உட்காருங்கள். என்ன கற்றுக்கொள்ள ஆசை என்று முதலில் கேளுங்கள். பெரிய எழுத்தில் அவர் பெயரை ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்து, அதன் மேலேயே எழுதிப் பழகச் சொல்லுங்கள். கை நடுங்கினால் சிரிக்காதீர்கள்.

அடுத்த பரிசளிப்பு விழாவில் வருகைப் புத்தகத்தை வாசலில் வைப்போம். தாத்தா பாட்டிகளும் தம் கையால் பெயரெழுதி, உள்ளே வந்து, முன்வரிசையில் உட்காரட்டும்.